வெள்ளத்தாயி பின்னால் வந்த வீடு

வெள்ளத்தாயியின் பின்னால் ஒரு வீடு நடந்து வந்த அன்றைக்கு நெடுங்கரையில் யாரும் மயங்கி விழவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை, மழை விட்டு வெயில் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமைச் சாயங்காலம், சந்தை கலைகிற நேரத்தில், மில் ரோட்டுப் பக்கமிருந்து அவள் தலையில் மூட்டையோடு வர, அவளுக்குக் கொஞ்சம் பின்னால் ஓட்டுக்கூரையில் ஈரம் சொட்டச் சொட்ட ஒற்றை அறை வீடு ஒன்று, ஒரு கதவும் ஒரு ஜன்னலுமாக, வாசற்படியைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வந்தது, அதைப் பார்த்ததும் பஸ் ஸ்டாண்டு முக்கில் நின்ற ஆட்டோக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "ஏத்தா, இதை எங்கிட்டு நிப்பாட்டப் போற? இது எங்க ஸ்டாண்டு" என்பதுதான். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். வானமே இடிந்து தெருவில் விழுந்தாலும், அது யார் வாசலை மறைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள்.

நான் வெள்ளைக்கல் தெரு முக்கில் ஆப்பக்கடை போட்டிருக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். காலையிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டு ஊர் பூராவையும் பார்க்கிறவளுக்கு வாய் நீளாமல் வேறென்ன நீளும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நடுவில் நான் யாரையாவது திட்டினால் கண்டுகொள்ளாதீர்கள்.

வெள்ளத்தாயி பிணம் எரித்தவள். புருசன் இருந்த காலத்தில் அவன் எரித்தான், அவன் போனபிறகு இவள் எரித்தாள்; பொம்பளை இந்த வேலையைச் செய்வதா என்று அப்போது கொஞ்சம் பேர் முனகினார்கள், வேறு யாரும் முன்வராததால் முனகலை நிறுத்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரை எரித்ததும் அவள்தான். அடைமழைக்காலம், விறகு நனைந்து புகைந்துகொண்டே இருந்தது, சொந்தபந்தமெல்லாம் தலைமுழுகிவிட்டுச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள், இவள் ஒருத்திதான் கூடவே நின்று தகரத்தை மாற்றி மாற்றிப் பிடித்து நெருப்பைக் காப்பாற்றியிருக்கிறாள். எனக்குப் பிள்ளை இல்லை, அதனால் மறுநாள் சாம்பல் வாங்க நானே போனேன்; மண்கலயத்தை என் கையில் வைத்து, "சுத்தமா வெந்துட்டாக மதினி, ஒரு குறையும் இல்ல" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் மதினி.

அப்புறம் ஊருக்கு எரிவாயு தகனமேடை வந்தது. நல்ல விஷயம்தான், யார் வேண்டாமென்றது. கையுறை போட்ட ஆட்களைக் காண்ட்ராக்ட்காரர் வெளியூரிலிருந்து கூட்டிவந்தார், சுற்றிலும் பூச்செடி வைத்தார்கள், பெஞ்சு போட்டார்கள், அழ வருகிறவர்கள் உட்கார ஒரு கூடமும் கட்டினார்கள். அந்தக் கூடம் கட்டின இடத்தில்தான் வெள்ளத்தாயியின் தகரக் கொட்டகை இருந்தது. அங்கேதான் அவள் சமைத்தாள், அங்கேதான் தூங்கினாள், அங்கேதான் மகள் பவளக்கொடியையும் பெற்றாள். கொட்டகையைப் பிரித்த அன்றைக்கு வேலையும் போயிற்று, வீடும் போயிற்று, ஒரு மூட்டைதான் மிச்சம்.

இனி ஊருக்குள்தான் வீடு பார்க்க வேண்டும். ஊருக்குள் அவள் நடந்து வந்தால் எங்கள் ஆட்கள் ஒரு அடி பின்னால் எடுத்து வைப்பார்கள். தீட்டு என்று வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள், படித்த ஊர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செல்போனைப் பார்த்தபடியே, கால் மட்டும் ஒரு அடி பின்னால் போகும். சின்னக் குழந்தைகூட அதைக் கற்றுக்கொண்டுதான் நடக்கப் பழகும். டு-லெட் போர்டு தொங்குகிற வாசலில் எல்லாம் போய் நின்றாள். எங்க வேலை பார்த்தீங்க, கூட யாரு இருக்கா, நீங்க என்ன ஆளுங்க என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, இப்பத்தான் ஒருத்தருக்குச் சொல்லிட்டோம் என்பார்கள். அந்த ஒருத்தர் வரவே மாட்டார், போர்டு மழையில் நனைந்து எழுத்து அழிகிறவரை தொங்கும். என் அறைக்கே ஒருநாள் கூட்டிவந்தேன், நானும் வாடகைக்கு இருக்கிறவள்தானே, வீட்டுக்காரம்மா மறுநாள் காலையில் ஒரு வார்த்தை பேசாமல் என் குழாயை அடைத்துவிட்டாள். வெள்ளத்தாயி அதைப் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். அப்புறம் சந்தைக் கொட்டகை, கோயில் வெளிப்பிரகாரம், பஸ் ஸ்டாண்டு என்று சுற்றினாள்.

அவளுக்குத் தன் உடம்பு வெயிலில் கிடப்பதைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் பவளக்கொடியைப் பற்றித்தான். அருப்புக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் நாள் தள்ளிப்போயிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும், அது யாராக இருந்தாலும் அப்படித்தான், மாமியார்க்காரி வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, "உங்கம்மாவுக்கு வீடு இருந்தாத்தானே கூட்டிட்டுப் போவா. இல்லேன்னா சுடுகாட்டுல போயா பெத்துக்கப் போற?" என்று கேட்டிருக்கிறாள். அதைப் பவளக்கொடி போனில் சொல்லி அழ, வெள்ளத்தாயி என் கடை முன்னால் நின்று, "வளைகாப்புக்குள்ள வீடு பார்த்துருவேன்டி. உன்னை நான் வந்து கூட்டிட்டு வருவேன், நீ பேசாம இரு" என்றாள். சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்து, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

'உறைவிடமும் உழைப்பும்' என்று ஒரு திட்டம் எங்கள் ஊரில் நடந்துகொண்டிருந்தது. ஒதுக்கப்பட்டவர்களுக்கு மலிவாய் ஒரு வீடும் மரியாதையாய் ஒரு வேலையும் வாங்கித் தருவதுதான் அதன் நோக்கம். பஸ் ஸ்டாண்டு மாடியில் ஆபீஸ், சுகிர்தா மேடம் என்று ஒரு சின்ன வயதுப் பெண் அதற்கு அதிகாரி. அந்தப் பெண் நல்ல பெண், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தாயியைப் பார்த்ததும் நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன ஒரே ஆள் அவள்தான். பைபாஸுக்கு அந்தப் பக்கம் வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், முடிந்ததும் உங்களுக்கு ஒன்று, நானாச்சு என்று சொல்லியிருந்தாள். இவளும் அந்த நம்பிக்கையில்தான் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்த வீடு வந்தது. மூடிப்போன மில்லுக்குப் பின்னால் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டியிருந்த பழைய லயன் வீடுகளை எல்லாம் இடித்துவிட்டு, எதற்கோ ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். மழைக்கு ஒதுங்கினவள் அதற்குள் போயிருக்கிறாள். குப்பையும் கோழிப்பீயுமாகக் கிடந்ததாம். "பெருக்காத எடத்துல எனக்கு உட்கார முடியாது மதினி, வேப்பங்கொத்தை ஒடிச்சுப் பெருக்கினேன். மழை விட்டுச்சு, கிளம்பினேன். பின்னால சத்தம் கேட்டுச்சு. திரும்பினா நிக்குது, நடந்தா நடக்குது. சரி, வாறதுன்னா வான்னேன்." இவ்வளவுதான் அவள் சொன்னது, இதற்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை.

ஊர் அதை வாங்கிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே அதன் சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அது நின்ற இடத்தில் நிழல் விழுந்தால் அந்த நிழலில் பைக்கை நிறுத்தினார்கள், நகர்ந்தால் வெயிலில் விட்டுவிட்டுப் போகிறதே என்று அதையே ஏசினார்கள். பின்சுவரில் எருமை உரசியது, முன்சுவரில் ஒரு கட்சி தன் சின்னத்தை வரைய, மறுநாள் இன்னொரு கட்சி அதன்மேல் சுண்ணாம்படித்தது. போலீஸ்காரர் வந்து போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார், நகராட்சி ஆள் வந்து வீட்டுவரி கேட்டார், எந்தத் தெரு என்று எழுதுவது எனத் தெரியாமல் திரும்பிப்போனார், மின்வாரியத்தார் வந்து நடக்கிற சுவரில் மீட்டர் வைக்க முடியாது என்று கையை விரித்தார்கள். எல்லோரும் வந்தார்கள், பார்த்தார்கள், பேசினார்கள். ஒருத்தரும் வாசற்படி தாண்டி உள்ளே போகவில்லை. அவள் இருந்த வீடாயிற்றே.

வேலை கேட்டுப் போன இடத்திலும் இதே கதைதான். ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள். வீடு போய் ஓட்டல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, கடை மூடிவிட்டார்கள் என்று நினைத்து ஆட்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள், மத்தியானமே முதலாளி அவளை அனுப்பிவிட்டார். கல்யாண மண்டபத்தில் கூட்டிப் பெருக்கப் போனாள். வீடு பந்தலுக்குள் வந்துவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் அதை ஓர் ஏற்பாடு என்று நினைத்து முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், யார் வீடு என்று தெரிந்ததும் போட்டோக்காரனைப் பிடித்து அழிக்கச் சொன்னார்கள். சரி, திட்டத்து வீடாவது, திட்டத்து வேலையாவது கிடைக்கும் என்று சுகிர்தா மேடத்திடம் போனால், அந்தப் பெண் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். கீழே, மாடிப்படிக்குப் பக்கத்தில், வீடு நின்றுகொண்டிருந்தது.

"அம்மா, வீடு இல்லாதவங்களுக்குத்தான் நாங்க வீடு தர முடியும். உங்களுக்குத்தான் இருக்கே."

"சரி மேடம். வேலை?"

"வேலைக்கு நிலையான முகவரி வேணும். உங்க வீடு ஒரு இடத்துல நிக்கலையே அம்மா."

வெள்ளத்தாயி இதை வந்து என்னிடம் சொன்னபோது அழவில்லை, சிரித்தாள். "இருக்கிறதால அது இல்ல, நடக்கிறதால இது இல்லையாம் மதினி" என்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆப்பச்சட்டியில் ஒன்று கருகியே போயிற்று.

ஆனாலும் சொல்கிறேன், அந்த மாதங்களில் அவள் முகம் தெளிந்திருந்தது. இருபத்தைந்து வருசமாகத் தகரத்தடியில் கிடந்தவளுக்கு ஓட்டுக்கூரை. போகிற இடமெல்லாம் கூடவே வருகிற வாசல். உட்காரலாம் என்று தோன்றினால் அப்படியே திரும்பினால் போதும், படி இருக்கும். வெயிலில் அவள் நடந்தால் வீடு கொஞ்சம் வேகமாக வந்து அவள்மேல் நிழல் விழும்படி பக்கவாட்டில் நடக்கும், நானே பார்த்திருக்கிறேன். ஒன்று மட்டும் அவள் செய்யவில்லை. வீட்டுக்குள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. வெளியே மூன்று கல் வைத்துத்தான் கஞ்சி காய்ச்சினாள்.

"ஏன்டி இப்படிப் புகையில கிடந்து சாகுற, உள்ள வச்சு ஆக்க வேண்டியதுதானே" என்று கேட்டேன்.

"இன்னும் பால் காய்ச்சலையே மதினி. ஒரு எடத்துல நிக்கட்டும். பவளமும் வயித்துப் பிள்ளையோட வந்து நிக்கட்டும். அவ கையால பாலைக் காய்ச்சணும். முதல்ல பால் காய்ச்சுறவுகளோட வீடுதானே அது?"

அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரண்மனையே கட்டினாலும் பால் பொங்குகிறவரைக்கும் அது வெறும் செங்கல், பொங்கினபிறகு பொங்கவைத்தவர்களின் வீடு. அதனால்தான் சொந்த அண்ணன் தம்பிக்குள்கூட யார் பாத்திரத்தைப் பிடிப்பது என்று அடித்துக்கொள்வார்கள்.

பவளக்கொடிக்கு ஏழாம் மாதம் பிறந்தது. வெள்ளத்தாயிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் வார்டு கவுன்சிலரம்மா ராசகனி இதில் தலையிட்டாள். ராசகனியைப் பற்றி ஊரில் கேட்டால் மகராசி என்பார்கள். தேனாகப் பேசுவாள், யாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள், இழவு வீட்டுக்கு முதல் ஆளாக மாலை அனுப்புவாள். வெள்ளைக்கல் தெருவில் அவள் வீட்டை ஒட்டி ஒரு புறம்போக்கு மனை முள் மண்டிக் கிடந்தது. வீடு ஊரெல்லாம் அலைகிறது என்று புகார் மேல் புகார் வர, ராசகனியும் சுகிர்தா மேடமும் உட்கார்ந்து பேசி, அந்த மனையிலேயே வீட்டை நிறுத்திவிடுவது, கதவில் நம்பர் அடிப்பது, முகவரி ஆயிற்றென்றால் பூங்காவில் துப்புரவு வேலை போட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். திட்டம் தொடங்கி அதுவரைக்கும் ஊருக்குள் ஒருத்தருக்கும் ஒரு வீடும் அமையவில்லை, அந்தப் பெண்ணுக்கும் மேலிடத்தில் பேச்சு வாங்கி அலுத்துப்போயிருந்தது. வெள்ளத்தாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே நாள்ல வீடும் வேலையும் அம்மா. உங்களாலதான் இந்தத் திட்டமே நிக்கப் போகுது" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, நடிப்பில்லை.

விழா ஒரு வெள்ளிக்கிழமை காலை. வீட்டுக்கு ரோஸ் கலர் அடித்திருந்தார்கள், வாழைமரம் கட்டியிருந்தார்கள், திருஷ்டிக்குப் பூசணிக்காய், படியின் குறுக்கே ரிப்பன், பந்தல், மைக் செட்டு, கேசரி. பவளக்கொடியைக் கூட்டிவர இரண்டு நாள் பொறுங்கள் என்று வெள்ளத்தாயி கேட்டிருக்கிறாள். அதிகாரிகளுக்கு அன்றைக்குத்தான் தோதுப்பட்டது. சரி, மகள் சார்பாக நானே காய்ச்சிவிடுகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, என்னிடம் ஒரு பித்தளைச் செம்பு வாங்கிப்போய், பாலும் தானே வாங்கி, புதுச்சேலை கட்டி வந்து நின்றாள். படியில் கால் வைக்கப் போனபோது ராசகனி அவள் தோளுக்குப் பக்கம் வரை கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினாள்.

"வெள்ளத்தாயி, தப்பா நினைக்காதத்தா. நீ தாலி அறுத்தவ, அதோட நீ பார்த்த வேலையும் அப்படி. வீட்டுல பிள்ளைத்தாச்சி வந்து இருக்கப் போறா. அவளுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிரக்கூடாதுல்ல? செம்பைக் கொடு, நான் என் பிள்ளைக்குச் செய்யிற மாதிரி என் கையால காய்ச்சித் தாறேன்."

மகளின் வயிற்றைக் காட்டிப் பேசினால் எந்தத் தாய்க்காரி எதிர்த்துப் பேசுவாள். வெள்ளத்தாயி கூட்டத்தைப் பார்த்தாள். மகராசி சொல்வது சரிதானே என்று கூட்டம் தலையாட்டியது. சுகிர்தா மேடத்தைப் பார்த்தாள்.

"அன்பாத்தானே கேக்குறாங்க, விட்டுக்கொடுங்கம்மா. வெறும் சடங்குதானே" என்றாள் சுகிர்தா மேடம். அவளுக்குச் சடங்கு சாத்திரத்தில் நம்பிக்கை கிடையாது, அதனால் யார் காய்ச்சினாலும் பால் பால்தான். படித்தவர்கள் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள்.

"கொடுக்காதடி" என்று நான் பந்தலுக்கு வெளியே நின்று கத்தினேன். மைக்கில் பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

வெள்ளத்தாயி செம்பைக் கீழே வைத்தாள், கைக்குக் கை கொடுத்தால் ராசகனி வாங்கமாட்டாள் என்று தெரிந்து தரையில் வைத்தாள். ராசகனி அதை எடுத்துக்கொண்டு வலதுகாலை வைத்து உள்ளே போனாள், அந்த வீட்டுக்குள் வெள்ளத்தாயியைத் தவிர வேறொரு கால் பட்டது அதுதான் முதல். அவளுக்குப் பின்னால் ஊர் பூராவும், இத்தனை மாதமாகப் படியேறாத ஊர், திமுதிமுவென்று உள்ளே போயிற்று. பால் கிழக்கே பொங்குமா மேற்கே பொங்குமா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அது எந்தத் திசையும் பார்க்காமல் ராசகனி நின்ற பக்கமாகப் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். குலவைச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை, நான் வெளியே நின்றதால் பார்த்தேன். வீடு இரண்டு விரற்கடை கீழே இறங்கி, அசைபோடப் படுக்கிற மாடு மாதிரி ஒரு மூச்சு விட்டுத் தரையில் உட்கார்ந்தது.

மறுநாள் வெள்ளத்தாயி பூங்காவில் வேலை பார்க்கப் போனாள், வீடு பின்னால் போகவில்லை. ஆகா, நிலைத்துவிட்டது என்று ஊரே பாராட்டியது, திட்டத்துக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள், அந்தப் படம் பேப்பரில் வந்தது. வாசலில் வெள்ளத்தாயி, பக்கத்தில் கையைக் கூப்பியபடி ராசகனி. வேலை முடிந்து திரும்பி வந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்றார்கள். தச்சர் வந்து இழைத்தார், அவர் தள்ளினால் திறந்தது, இவள் தள்ளினால் திறக்கவில்லை. ராசகனி வந்து சுண்டுவிரலால் தொட்டாள், கதவு இரண்டு சுவரிலும் மோதித் திறந்துகொண்டது. இப்படியே தினமும் அவள் வாசலில் போய் நின்று, "கவுன்சிலரம்மா, கொஞ்சம் வந்து திறந்துவிடுங்க" என்று கேட்கவேண்டியதாயிற்று. ராசகனி முதலில் சிரித்துக்கொண்டே வந்தாள், அப்புறம் சாப்பிட்டுவிட்டு வந்தாள், அப்புறம் வரவில்லை.

வெள்ளத்தாயி மாடியேறி ஆபீஸுக்குப் போனாள். நானும் போனேன்.

"வீடு உங்க பேர்லதான் இருக்கு. அதுல எந்த மாற்றமும் இல்ல" என்றாள் சுகிர்தா மேடம்.

"கதவு திறக்கலையே மேடம்."

"அது மராமத்து சம்பந்தப்பட்டது அம்மா. எங்க திட்டத்துல வராது." அந்தப் பெண் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம், "நான் மேலிடத்துக்கு எழுதுறேன்" என்றாள்.

எழுதியிருப்பாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதற்குள் ராசகனி, சும்மா பூட்டிக் கிடந்தால் பாழாகப் போகுமே என்று, வங்கியில் வேலை பார்க்கிற ஒரு குடும்பத்தை அந்த வீட்டில் வாடகைக்கு வைத்தாள். வாசலில் டு-லெட் போர்டு ஒரு நாள்கூடத் தொங்கவில்லை. பூங்கா வேலை ஒரு மாதத்துக்குத்தான் என்று முடிந்துபோக, மகராசி மனமிரங்கி, "நீ எங்கிட்டும் போக வேணாம்த்தா, அந்த வீட்டையே கூட்டிப் பெருக்கிட்டு இரு. உன் வீடு மாதிரி நினைச்சுக்கோ" என்று வேலை போட்டுக்கொடுத்தாள். பின்பக்கமாகப் போய்ச் சுற்றிக் கூட்டிவிட்டுப் பின்பக்கமாகவே வரவேண்டும். ராத்திரி படுக்கைக்கு மறுபடியும் பஸ் ஸ்டாண்டு. திட்டத்தின் கணக்கில் உறைவிடமும் வந்துவிட்டது, உழைப்பும் வந்துவிட்டது. சுகிர்தா மேடத்துக்கு வேறு மாவட்டத்தில் பெரிய பதவி கிடைத்தது. போகிற அன்றைக்கு என் கடைக்கு வந்து ஆப்பம் வாங்கி, ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போனாள்.

"ஏன்டி, ஒரு தரம் கூப்பிட்டுத்தான் பாரேன். உன் பின்னால வந்த வீடுதானே" என்று வெள்ளத்தாயியிடம் எத்தனையோ முறை சொன்னேன்.

"நானா கூப்பிட்டேன் மதினி? அதுவா வந்துச்சு. அதுவா வரட்டும்" என்பாள். ஆனால் கூட்டிவிட்டுப் போகும்போது, தெரு முக்குத் திரும்புகிறவரை, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவாள்.

வளைகாப்புக்கு அவள் போகவில்லை. காய்ச்சல் என்று போனில் சொல்லிவிட்டாள். ஒன்பதாம் மாதமும் பிறந்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அம்மா வருவாள் வருவாள் என்று பார்த்திருந்த பவளக்கொடி, ஒரு நாள் தானே கிளம்பிவிட்டாள். மாமியார் முன்னால் பேப்பரில் வந்த படத்தைப் பிரித்துக் காட்டி, "இதுதான் எங்கம்மா வீடு. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு, பையும் வயிறுமாக இரண்டு பஸ் மாறி, காலை பத்து மணி வெயிலில் வெள்ளைக்கல் தெருவில் வந்து இறங்கினாள். ரோஸ் கலர் வீடு எது என்று என்னிடம்தான் கேட்டாள். கையைத்தான் காட்டினேன்.

அவள் போய்ப் படியில் கால் வைத்தாள். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு பெண், "யாரு? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள். நல்ல பெண்தான், வெளியூர்க்காரி, ஒன்றும் தெரியாது. பவளக்கொடி, "எங்கம்மா வீடு இதுதானுங்களே" என்றாள். அந்த நேரம் பார்த்து வெள்ளத்தாயி விளக்குமாறும் கையுமாகப் பின்பக்கத்திலிருந்து வந்தாள். மகளைப் பார்த்தாள், மகளின் வயிற்றைப் பார்த்தாள், கையில் இருந்ததைக் கீழே போட்டாள். மகள் விளக்குமாற்றைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வளர்ந்த இடம் அப்படி, கேட்காமலே தெரிந்துகொள்கிற பிள்ளை.

தெரு கூடிவிட்டது. ராசகனியும் வாசலுக்கு வந்தாள். வெள்ளத்தாயி மகளின் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள், பத்தடி நடந்தாள், நின்றாள். இத்தனை நாள் கூப்பிடாதவள், நான் சொல்லியும் கூப்பிடாதவள், திரும்பி அந்த வீட்டைப் பார்த்து, முதல் நாள் மழை விட்டபோது சொன்ன அதே வார்த்தையைச் சொன்னாள்.

"வாறதுன்னா வா."

நான் அடுப்பை விட்டுத் தெருவில் இறங்கி நின்றேன். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிசம் எங்கள் ஊர்க்காரர்கள்கூட அது வரவேண்டும் என்றுதான் நினைத்தார்கள். வீட்டின் ஓடு கலகலத்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன, ஜன்னலில் நின்ற பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சுவர் மண்ணை விட்டு எழும்பியது, வாசற்படி தூக்கிக்கொண்டது. பவளக்கொடியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன், ஐயோ, அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வீடு நகர்ந்தது. ஒரே ஒரு அடி, பின்னால். படியை உள்ளிழுத்துச் செருகிக்கொண்டு, வேறெங்கோ பார்க்கிற மாதிரி ஜன்னலைச் சாத்திக்கொண்டு, எங்கள் தெருவில் எல்லோரும் எடுத்து வைக்கிற அதே ஒரு அடி.

வெள்ளத்தாயி தலையிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பித்தாள். அந்த முக்கில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, அவர்கள் பின்னால் ஓடினேன்.

"எங்கம்மா போறோம்?" என்று பவளக்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ பொறந்த எடத்துக்குத்தான்" என்றாள் வெள்ளத்தாயி. "இப்ப அங்க பூச்செடியெல்லாம் வச்சிருக்காக. உட்கார பெஞ்சு இருக்கு."